மூன்று விரல் அகலம்

வாயைத் திறக்கச் சொன்னால்
அண்ணனுக்கு மூன்று விரல் நுழைகிறது.
தம்பிக்கு ஒன்று.
அதுவும் சுண்டுவிரல்.

ஜாங்ஹ்வா மருத்துவமனை, இரண்டாம் மாடி.
ரத்தம் எடுப்பவள் நான்.
வெங் மிங்-தே, ஐம்பத்தாறு, ஆற்றுமணல் லாரி,
கண் சொருகாமலிருக்க ராத்திரிக்கு நாற்பது பாக்கு,
முப்பது வருடமாக.
வெங் குவாங்-ஷெங், நாற்பத்தொன்பது, பெட்ரோல் பங்க்,
எட்டோ பத்தோ.
"அதுவும் நான் நீட்டினால்தான்"
என்றார் அண்ணன்,
என்னைப் பார்க்காமல்,
சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தை
பஞ்சு போடும் தொட்டியில் போட்டபடி.
சுண்ணாம்பு வாசனை
மாலைவரை அறையைவிட்டுப் போகவில்லை.

ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தை
என் சொற்களில் சொன்னேன்:
ஒவ்வொரு செல்லும் தன் உள்ளே நடப்பதைத்
துணுக்குத் துணுக்காகத் தட்டில் வைத்து
வாசலில் நீட்டும்.
ரோந்து வரும் அணுக்கள் எட்டிப் பார்க்கும்.
கெட்டது தென்பட்டால்
அந்த வீட்டையே இடித்துவிட்டுப் போகும்.
தட்டின் வளைவு மட்டும்
கருவிலேயே தீர்ந்த கணக்கு,
பாதி அப்பா, பாதி அம்மா.
சிலருடைய தட்டில் சில துணுக்குகள் நிற்பதில்லை.
காவல் வரும்,
மற்றதையெல்லாம் பார்க்கும்,
நலம் என்று குறித்துக்கொண்டு போய்விடும்.

"அப்போ என் தட்டு நல்ல தட்டா?"
தெரியாது.
ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால்
லேசாக ஒரு சாய்வு தெரியலாம்.
ஒருவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.
"எனக்கு ஒருவனைப் பற்றித்தான் தெரியணும்"
என்று கையை நீட்டினார்.
நரம்பு உடனே கிடைத்தது.

பெயர்கள் கழன்றன.
0417, 0418.

நான்கு மாதம் கழித்து, புயல் எச்சரிக்கையால்
பாதிப்பேர் வராத ஒரு வியாழக்கிழமை,
திரையில் இரண்டு பத்திகள்.
பெற்றோர் ஆளுக்கு இரண்டு சீட்டு வைத்திருந்து
பிள்ளைக்கு ஒவ்வொன்று தருகிறார்கள்;
இரு பிள்ளைகளுக்கும் அதே ஜோடி விழ
நாலில் ஒரு வாய்ப்பு.
விழுந்திருந்தது.
எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண்.
ஒரே தட்டு. ஒரே வளைவு.

எண்ணைப் பெயராக்க எனக்கு அனுமதியில்லை.
நினைவுக்குத்தான் விதிமுறை கிடையாது.
சொல்லலாம் என்றாலும்
எதைச் சொல்ல?
உங்கள் ரத்தம் உங்களைத் தனியாகக் காக்கவில்லை என்றா?
அவருக்கு வந்தது உங்களுக்கும்
வந்திருக்கலாம் என்றா?
பரம்பரை கைவிரித்துவிட்டால்
மிச்சம் நிற்பது
அந்த நீட்டிய கை என்று
அவராகவே முடிவுகட்டிவிடுவார்.
அப்படியும் இல்லை, ஐயா.
வேறு மரபணுக்கள் இருக்கின்றன,
பல், கிருமி, சிகரெட், வெறும் தற்செயல்.
எங்கள் அட்டவணையில்
நீட்டிய கைக்கு ஒரு பத்தியே இல்லை.

போன வாரம் உடற்பயிற்சிக் கூடத்தில் பார்த்தேன்.
தம்பியின் இடக் கன்னம் தொடைத்தோலால் தைக்கப்பட்டிருந்தது.
பற்களுக்கிடையில்
ஐஸ் குச்சி போன்ற மரப்பட்டைகள்,
ஒன்றின்மேல் ஒன்றாக.
வாய் பழகப் பழக ஒன்று கூட்டவேண்டும்.
கண்ணோரம் நீர் வழிந்தது;
தலையை ஆட்டவில்லை.
பத்து.
பதினொன்று.

பன்னிரண்டாவதை
அண்ணன் கையில் வைத்திருந்தார்,
நீட்டாமல்,
தம்பி கேட்கட்டும் என்று.