கொடுக்கல் வாங்கல்

மண்டபம் வடக்குத் துறையில்
தடைக்காலத்தின் முப்பத்தெட்டாம் நாள்.
வரிசையாகக் கட்டிய விசைப்படகுகள்,
விலாவுக்கு விலா ஒரு பழைய டயர்.
ஏலக்கடையில் ஐஸ் இல்லை, ஈ இல்லை,
முதலாளி சீனி இபுராகிமும் இல்லை.
கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு மட்டும்
மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது.

கணக்கெழுதும் டெல்மா நிமிரவில்லை.
என் சித்தப்பா மகள்தான்.
மூன்றரைப் பவுன் சங்கிலி ஒன்று
எஞ்சின் வாங்கப் போய்த் திரும்பாததில்
பதினோரு வருடமாக
அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும்
கொடுக்கல் வாங்கல் இல்லை.
கோயிலில் ஒரே பெஞ்சு,
நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம்.

“வெளக்கு அஞ்சு நிமிஷம் வேணும்” என்றேன்,
விளக்கிடம் சொல்வதுபோல.
ஷட்டரைப் பாதி இறக்கிப்
பிளக்கைச் செருகினாள்,
சுவருக்கு உதவுவதுபோல.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில்
மடியிலேயே வைத்து வந்த சீசா.
நாற்பது மில்லிகிராம் வெள்ளைத் தூள்,
பார்த்தால் பொடியுப்பு.
நான் செய்த தங்கச் சேர்மம்.
வெள்ளைத்தாள் தானாகவே நீலம் காட்டி ஏமாற்றும்
என்பதால்
மீன்பெட்டியின் கறுப்பு மூடியில் தட்டினேன்.

தூள் விழித்தது.
இரவில் வலை இழுக்கையில் கடல் காட்டுமே,
அந்த நீலமில்லை.
அதைவிட வெளிறியது, அசையாதது.

“இது தங்கமா?”
பதினோரு வருடத்தின் முதல் கேள்வி.
“பாதிக்கு மேல.”
“எத்தன பவுனு?”
“குன்றிமணிக்கும் காணாது.”
“பெறகு எதுக்கு?”

எதற்கு என்று
ஆய்வுக் குழுவிடமே ஒழுங்காகச் சொன்னதில்லை நான்.
இதில் ஒவ்வொரு தங்கமும்
கணக்கு முடித்த அணு, என்றேன்.
கூடு நிறைந்தாகிவிட்டது,
கேட்க ஒன்றுமில்லை, தர ஒன்றுமில்லை.
இரண்டும் நேர்மின்னேற்றம் வேறு.
பாடப்புத்தகத்தைக் கேட்டால்
தள்ளித்தான் நிற்க வேண்டும்.
ஆனால் கரு அத்தனை கனம்.
உள்வட்டத்து எலெக்ட்ரான்
ஒளியில் பாதி வேகத்துக்கும் மேல் ஓடுகிறது,
அந்த ஓட்டத்தில் சில வட்டங்கள் இறுகுகின்றன,
சில தளர்கின்றன,
அடுத்த மூலக்கூறின் தங்கத்தைப் பார்த்து
இது சாய்ந்து
மூன்று ஆங்ஸ்ட்ராம் அருகில் போய் நிற்கிறது.
தண்ணீரைத் தண்ணீர் பிடித்திருக்கிறதே,
ஏறக்குறைய அந்தப் பிடி.
கட்டு என்று சொல்லக் கூசும்,
இல்லை என்று சொல்லவும் முடியாது.

“தண்ணில போட்டா?”
“கரையாது. கரையுற திரவத்துல விட்டா
ஆளுக்கொரு பக்கம் போயிரும்.
வெளிச்சமும் போயிரும்.”

டெல்மா டீ கிளாஸிலிருந்த கரண்டியை எடுத்தாள்,
பாவாடையில் துடைத்தாள்,
கேட்காமல் தூளை நசுக்கினாள்.
கரண்டி அழுந்திய இடமெல்லாம்
நீலம் மஞ்சளாயிற்று.

“ஒடச்சுட்டேனா?”
“இல்ல. கொஞ்சம் நெருங்கிருச்சுக.”

ஒரு துளி அசிட்டோன் விட்டால்
பழைய நீலத்துக்கே திரும்பிவிடும்.
அவள் பையில் துருத்திக்கொண்டு
நகப்பூச்சு அழிக்கும் பாட்டில் தெரிந்தது.
நான் கேட்கவில்லை.
அவளும் தரவில்லை.

அப்போது கரண்ட் போயிற்று.
விளக்கு அணைந்தபிறகும்
ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு
தூள் ஒளிர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது.
அந்தத் தாமதத்தைத்தான்
மூன்று வருடமாக அளந்துகொண்டிருக்கிறேன்.

வெளியே சோழகக் காற்றில்
டயர்கள் முனகின.
சங்கிலியைப் பற்றி
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
“அந்த எஞ்சின் இன்னும் ஓடுதுடி”
என்றாள்.