கண்ணாடி வெளுக்கும் இடம்

பயண அட்டையில் காசு ஏன் இப்படிக் கரைகிறதென்று
செயலியைத் திறந்தேன்.
ஏறியது பங்கிட், காலை 6.52.
இறங்கியதும் பங்கிட், பகல் 12.15.
மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.
பள்ளியிலிருந்து நான்கு தவறிய அழைப்புகள்.
விமானநிலையச் சமையற்கூடத்தில் இரவெல்லாம் பொட்டலம் கட்டிவிட்டு
நான் செத்தவள்போல் உறங்கும் நேரம் அது.

திட்டத்தான் எழுந்தேன்.
வாசலில் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்,
கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி.
"நானும் வரேன்" என்றது என் வாய்.

ஓட்டுநர் இல்லாத ரயில்.
எங்கே இறங்கணும் என்று கேட்க ஆளில்லை.
ஃபஜார். செகார். ஜெலப்பாங். செஞ்சா.
மலாயில் ஃபஜார் என்றால் விடியல், செஞ்சா என்றால் அந்தி.
நடுவில் இரண்டே நிலையம்.
ஐந்தாறு நிமிடத்தில் ஒரு நாளைக் கழித்துவிட்டு
சுவா சூ காங் வரை போய்த் திரும்பி
மீண்டும் விடியலுக்கு வருகிறது வண்டி.

அடுக்குமாடிகளை ஒட்டிப் போகையில்
ஜன்னல் கண்ணாடி தானாக வெளுத்துவிடும்,
பிறர் வீட்டுக்குள் நாம் பார்க்கக் கூடாதென்று.
இத்தனை வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.
"அப்ப மட்டும் நல்லாருக்கும்மா" என்றாள்.
"யாருக்கும் நான் தெரிய மாட்டேன்."

குளிர்பெட்டிக் கதவில் நானே மாட்டிய தாள்கள்:
தேர்வுக்கு இன்னும் 94 நாள்.
தினமும் வந்ததும் ஒன்றைக் கிழிப்பேன்
எனக்குச் சம்பளம் நெருங்குவதுபோல்.
அதே கதவைத் திறந்துதான் அவள் தண்ணீர் குடித்தாள்.
சோறு மிஞ்சுவதைப் பார்த்தேன்.
டயட் என்றாள். நம்பினேன்.
நம்புவது வசதியாக இருந்தது.

மிருதுளா, என்றேன்.
கூடுதல் கணிதத்துக்கு மூன்றாவது டியூஷன்
பேசி வைத்திருந்தவளுக்கு
அடுத்த வாக்கியம் கிடைக்கவில்லை.
எதிர் இருக்கையில் யாரோ ஒருவர்
கீரைக்கட்டை அணைத்தபடி தூங்கினார்.
மூன்றாம் சுற்றில் அவள் பை என் மடிக்கு மாறியது.
என்ன கனம்!
இதைச் சுமந்துகொண்டா
எங்கேயும் போகாமல் இருந்தாள்?

பலதுறை மருந்தகத்தில்
'வந்த காரணம்' என்ற கோட்டின் மேல்
பேனாவை வைத்தவள் நகர்த்தவேயில்லை.
தேர்வறையிலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாளோ?
"சரியா எழுதணுமாம்மா?"
"தப்பாவே எழுது" என்றேன்.

எழுதினாள்.
எங்கள் எண் 0417.
திரையில் ஓடிக்கொண்டிருந்தது 0388.