ஆணிகளை எண்ணுபவன்

லுட்விக் கெண்டா, வயது எண்பத்தொன்று,
சமையலறை மேசைமேல் பையைக் கவிழ்த்தார்.
பதினான்கு பெட்டிகள். உடைந்த ஒரு மூக்குக்கண்ணாடி.
செத்துப்போன நாய்க்கு வாங்கிய புழுமருந்து.
"இதையும் எண்ணிக்கொள்," என்றார்.
சிரிக்கிறாரா, தெரியவில்லை.
வாய் உலர்ந்து
உதடு பல்லோடு ஒட்டியிருந்தது.

இட்ரியாவில் மார்ச். கூரைப்பனி அவ்வப்போது சரியும்.
சரியும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் காதுகொடுப்பார்.
முப்பது வருடம் பாதரசச் சுரங்கத்தில் இருந்தவர்.

நான் மருந்தாளுநர்.
தாளில் பதினொன்று. மேசையில் பதினான்கு.
விழுங்குவது ஒன்பதோ பத்தோ,
"நாளைப் பொறுத்து."

கடைசியிலிருந்து தொடங்கினேன்.
இது மறதிக்கு. மறதி எப்போது வந்தது?
சிறுநீரை அடக்க அந்த வெள்ளை மாத்திரை தந்த பிறகு.
சிறுநீர் ஏன் அடங்கவில்லை?
கால்வீக்கம் வடிய நீர்மாத்திரை தந்ததால்.
கால் ஏன் வீங்கியது?

இருவரும் ஒரே பெட்டியைப் பார்த்தோம்.
ரத்த அழுத்தத்துக்கு. பத்து மில்லிகிராம்.
ஆறு வருடம் முன்பு நல்ல டாக்டர் ஒருவர்
நல்ல காரணத்தோடு எழுதியது.

யாரும் தப்புச் செய்யவில்லை.
ஒவ்வொருவரும் தம் அறையைச் சுத்தமாகப் பெருக்கினார்கள்.
குப்பை அடுத்த அறைக்குப் போனது.

"சிலதைக் குறைக்கலாம்," என்றேன்.
வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.
"அப்படியானால் என்மேல் செலவழித்தது போதும்
என்று முடிவாகிவிட்டது."

என் படிவத்தில் மூன்று கட்டங்கள்:
தொடர, குறைக்க, நிறுத்த.
இந்த வாக்கியத்தை எதில் எழுதுவது?

பேனாவை மூடினேன். அவரே பேசினார்.
சுரங்க வாயிலில் ஒரு பலகை, பலகை நிறைய ஆணி,
ஆணிக்கொரு பித்தளைத் தகடு. அவருடையது 317.
இறங்கும்போது எடுத்துப்போக வேண்டும், ஏறியதும் மாட்ட வேண்டும்.
மாலையில் ஓர் ஆணி வெறுமையாக இருந்தால்
யாரோ இன்னும் கீழே இருக்கிறான்.
"எண்ணுவதற்கென்றே ஒருவன் இருந்தான், ஃபெர்யான்சிச்.
மொடாக்குடியன்.
ஆனால் எண்ணி முடிக்காமல் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை."

பெட்டிகளைப் பார்த்தார்.
"இவற்றையெல்லாம் உள்ளே இறக்கியவர்கள் ஐந்து பேர்.
மேலே ஏறியதா என்று பார்க்க யார் வந்தான்?"

அதன்பிறகுதான் கேட்டேன், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை:
உங்களுக்கு என்ன வேண்டும்?

இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போகையில்
விழாமல் இருக்க வேண்டும்.
பக்கத்து வீட்டு மிலோய்கா கொண்டுவரும் ஷ்லிக்ரோஃபி
தொண்டையில் மாவுருண்டையாக நிற்காமல் இறங்க வேண்டும்.
அவ்வளவுதான்.

ஒரு பெட்டியைத் தாமாகவே குப்பைப் பக்கம் தள்ளினார்.
ரத்தம் உறையாமலிருக்க எழுதியது.
திரும்ப இந்தப்பக்கம் தள்ளினேன்.
இது இருக்கட்டும், உங்கள் இதயம் தாளம் தப்புகிறது.
தூக்கமாத்திரைமேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.
"இதைத் தொடாதே."
தொடவில்லை.

டாக்டரிடம் பேசி ஒவ்வொன்றாகத்தான் கைவைத்தோம்.
முதலில் அழுத்த மாத்திரையை மாற்றினோம்.
மூன்று வாரம் கழித்து நீர்மாத்திரை பாதி, பிறகு இல்லை.
பிறகு அந்த வெள்ளை.
வயிற்று மாத்திரையை நிறுத்தியது மட்டும் பலிக்கவில்லை,
நெஞ்செரிச்சலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்தே இருந்தார்,
திரும்பக் கொடுத்தோம்.
மறதி முழுதாகப் போகவில்லை.
வயதுக்கு உரியது அவரிடமே தங்கியது.

ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் தொலைபேசி.
"பதினாறு ஷ்லிக்ரோஃபி சாப்பிட்டேன். எழுதிக்கொள்."
எழுதிக்கொண்டேன், படிவத்தின் ஓரத்தில்,
கட்டங்களுக்கு வெளியே.

வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.
மூச்சு மட்டும் கேட்டது. பிறகு
"அந்தத் தூக்கமாத்திரை,
பாதியாக உடைத்தால் கெட்டுப்போகுமா?"