இருப்புப் பதிவேடு

ஜெகதேவிக்கு மேற்கே, இரட்டைப் பூட்டுப் போட்ட
வெடிமருந்துக் கிடங்கை ஒட்டிய அறையில்
குச்சிகளை எண்ணிக் கொடுப்பது என் வேலை.
குழிக்கு மூன்று. நாற்பது குழி. நூற்றிருபது.
பெற்றுக்கொண்டவர்: திம்மராயன்.
ஒன்றரை மணிக்குச் சங்கு மூன்று தடவை ஊதும்.
பிறகு தகரக் கூரை ஒருமுறை பல் கடிக்கும்,
டம்ளர் தண்ணீரில் வளையம் ஓடும்.
அது அடங்குமுன் தேதி போட்டுவிடுவேன்.

ஏழு வருஷமாய் அதே நூற்றிருபது.
காதுக்கே ஒரு கணக்கு வந்துவிட்டது:
மருந்து மாறாதவரை
சத்தம் என்பது தூரத்தின் இன்னொரு பெயர்.

இரவில் பர்கூர் வீட்டில், கொசுவலைக்குள்,
வேறொரு பதிவேடு திறப்பேன்.
எம்.எஸ்சி. முடிந்தும் விட்டுப்போகாத பழக்கம்.
தொலைநோக்கிக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவாய்
இணையத்தில் போட்டுவைத்த எண்கள்.
அங்கேயும் வெடிதான்.
அடுப்பணைந்த ஒரு குட்டி வெண்மீன்
பக்கத்து விண்மீனிடம் கைமாற்று வாங்கி வாங்கி
ஒன்று புள்ளி நான்கு சூரியன் எடை சேரும்போது
தாங்காமல் சிதறும்.
எந்த மூலையில் சிதறினாலும்
ஏறக்குறைய அதே எடை, அதே வெளிச்சம்.
யார் எண்ணிக் கொடுக்கிறார்களோ.

மங்கினால் தொலைவு. சிவந்தால் ஓட்டம்.
நடுவில் விரிகிற வெளி
ஒளியை மட்டுமல்ல, நாளையும் இழுத்துவிடுகிறது:
அங்கே பதினாறாம் நாள் முடிந்த காரியம்
இங்கே எனக்கு முப்பத்திரண்டாம் நாள்தான் முடிகிறது.

மாசியில் ஒரு செவ்வாய்.
சங்கு ஊதியது.
கூரை பல் கடிக்கவில்லை.
வளையம் வந்தது, விளிம்பைத் தொடவில்லை.

காற்று திசைமாறியதோ என்று பார்த்தேன்.
புளியமரத்தில் ஓர் இலை அசையவில்லை.
மிச்சம் ஒன்றுதான்: குச்சி குறைந்திருக்கிறது.
ஏரியில் மீனுக்கு வெடி போடுகிறவர்கள்
ரொக்கமாகவே தருவார்களாம்.
திம்மராயனின் புது பைக் ஞாபகம் வந்தது.
மேனேஜருக்கு எழுத ஒரு தாள் கிழித்தேன்.

கணக்குக்கு மீறி மங்கிய வெடிகளைப் பார்த்து
அவர்களும் முதலில் இப்படித்தான் சந்தேகப்பட்டார்கள்:
குறுக்கே தூசியோ,
அந்தக் காலத்து வெடியே சோனியோ என்று.
பழிபோட யாரும் அகப்படாத பிறகுதான்
வெளியை விசாரித்தார்கள்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.
ஏழு வருஷத்தில் குவாரிக்கு முதல் நடை.
பாறை இருக்குமென்று நினைத்த இடத்தில்
வானம் இருந்தது.
விளிம்புக்குக் கீழே, வெகு கீழே,
தீப்பெட்டியாய் ஒரு மஞ்சள் பொக்லைன்,
அதற்கும் கீழே ஒரு தட்டு,
அதில் சிவப்புத் துண்டு கட்டிய ஒரு புள்ளி.
கூப்பிட்டேன். எட்டவில்லை.
பார்த்துவிட்டு அவராகவே ஏறி வந்தார்,
அரைமணி நேரம்.

“எறங்கிக்கிட்டே இருக்கோங்க மேடம்.
மொத நாலு வருஷமும் ஒரே தட்டு.
இந்த வருஷம் மட்டும் மூணு.
புது மிஷினு. போகப் போக வேகந்தான்.”
மூச்சு வாங்கியது அவருக்கு.
பைக் தவணை பற்றியும் ஏதோ சொன்னார்.
என் பையில் தாள் ஈரமாகிக்கொண்டிருந்தது.

அன்று, நூற்றிருபதுக்கு நேரே,
ஏழு வருஷமாய்க் காலியாகக் கிடந்த
‘குறிப்பு’ கட்டத்தில் எழுதினேன்:
சரக்கு சரி. தூரம் கூடுகிறது.

பங்குனியில் தணிக்கைக்கு வந்தவர்
அதைச் சிவப்பு மையில் சுழித்து
பெரிய கேள்விக்குறி ஒன்று போட்டார்.
“தூரத்துக்கெல்லாம் இதுல காலம் கிடையாதும்மா.”