காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை

பேப்பரில் நான் முதலில் படிப்பது
மின்தடை அறிவிப்பு.
உடையாப்பட்டி, மல்லூர், கருப்பூர்,
அதன் கீழே சுற்றுவட்டாரங்கள், பொடி எழுத்தில்.
கத்தரித்து
அரிசி டப்பா மூடியின் உட்பக்கம் ஒட்டிவைப்பேன்.
அர்த்தநாரி ஏனென்று கேட்பதை விட்டுவிட்டார்.

ஃபிரிட்ஜ் பக்கம் நின்றால் கடைவாய்ப்பல்லில்
ஒரு வண்டு.
கிரைண்டர் ஓடினால் முழங்கைக்குள் ஊசி.
மீட்டர் பெட்டிக்கு நேர்கீழே
உச்சந்தலை மட்டும் தனியாகக் கொதிக்கும்.
நரம்பு டாக்டர் என் தலையை
அறை முழுக்க உறுமுகிற மெஷினுக்குள் அனுப்பிப் பார்த்து
ஒன்றுமில்லை என்ற தாளை
நல்ல சேதி போல நீட்டினார்.

குகையில் எங்கள் தெருவில் மட்டும்
பன்னிரண்டு விசைத்தறிப் பட்டறை.
குடத்துத் தண்ணீர் வட்டம் வட்டமாய் நடுங்கும்.
தறி நின்றால்தான் இங்கே பிள்ளைகள் விழித்து அழும்.
எனக்குச் சத்தமல்ல,
சத்தத்துக்குள் ஓடுகிற இன்னொன்று.
அதற்கு எனக்குப் பெயர் கிடைக்கவில்லை.
நாத்தனாருக்குக் கிடைத்தது:
மாவாட்டச் சோம்பல்.

அதனால் மாதம் இரண்டு மூன்று நாள்
கரண்ட் இல்லாத ஊருக்குப் பஸ் ஏறுவேன்.
மல்லூரில் பூட்டிய கல்யாண மண்டபத்து வாசல்.
கருப்பூரில் ரயில்வே கேட் பக்கத்துப் புளியமரம்.
உடையாப்பட்டியில் ஒரு தையல்கடை,
ஜாக்கெட் அளவு கொடுக்க வந்ததாகப் பொய்.
எப்ப வருமோ என்று எல்லோரும்
காலண்டர் அட்டையால் விசிறிக்கொள்ள,
நான் மட்டும் உள்ளுக்குள் வேண்டிக்கொள்வேன்,
இன்னும் கொஞ்ச நேரம்.

ஐப்பசியில் ஏற்காட்டின் முறை வந்தது.
மலை முழுக்க என்று போட்டிருந்தது.
தயிர்சோறு கட்டிக்கொண்டு முதல் பஸ்.
பின்சீட்டுப் பிள்ளை ஆறாவது வளைவிலேயே வாந்தியெடுத்தது.
எனக்கோ
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும்
தலையிலிருந்து ஒரு சுற்று கழன்றது.

நாகலூர் வழியில் குப்பாயியின் டீக்கடை.
சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி.
தலைக்குமேல் மூன்று கம்பிகள்,
துணி காயப்போடலாம் போல அத்தனை சாது.
பல்லில் வண்டில்லை.
விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கி நீட்டினேன்,
பத்தும் என்னுடையவை.
மூடுபனி விலகிய கொஞ்ச வெயிலில்
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்,
ஏழு வருடத்தில் முதல் பகல்தூக்கம்.

மூன்றரைக்குக் குப்பாயி
சட்னிக்கு மிக்ஸியைப் போட்டாள்.
கரண்ட் வந்துடுச்சா? என்றேன்.
"எங்க போச்சு, வர்றதுக்கு?
யாரோ பெரிய ஆபீசர் வர்றாராம், நிறுத்தல.
காத்தாலேருந்து இருக்குதே."

அவள் சொல்லி முடிப்பதற்குள்
வண்டு திரும்பி வந்து
தன் பல்லில் உட்கார்ந்தது.

இறங்கும் பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.
ஒன்பதிலிருந்து மூன்றரை.
ஆறரை மணி நேரம் அந்தக் கம்பிகளுக்கடியில்
சௌக்கியமாக இருந்திருக்கிறேன்.
அப்படியானால் கம்பியில்லை.
சரி.
வலியை என்ன செய்ய?
பேப்பரில் அச்சானதை நம்பி
அது ஆறரை மணி நேரம் வெளியே நின்றதென்றால்
அதற்குப் படிக்கத் தெரிந்திருக்கிறது.
யாரிடம் போய்ச் சொல்வேன் இதை.

கீழே சேலம் விளக்கேற்றிக் கிடந்தது,
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
தட்டோடு கவிழ்ந்த கொலுசு மணிகளாக.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

வீட்டில் ஃபிரிட்ஜ் பிளக் பிடுங்கிக் கிடந்தது.
நான் வருவதற்கு முன் அவர் செய்துவைப்பது.
பால் கெடாமலிருக்க இரண்டாம் முறை காய்ச்சியிருந்தார்.
எப்படி இருந்துச்சு? என்றார்.
கரண்ட் இல்ல, நிம்மதியா இருந்தேன், என்றேன்.
ம், என்று தம்ளரை நகர்த்தினார்.

மறுநாள் நாத்தனார்தான் வாய்விட்டாள்,
ஏற்காடு மின்தடை ரத்து என்று
நேற்றுக் காலையிலேயே டிவியில் ஓடியதாம்.
அண்ணனும் கூடத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அன்றைய பேப்பரில் வீரபாண்டி போட்டிருந்தது.
கத்தரிக்கோலை
அவர்தான் தேடி எடுத்துக் கொடுத்தார்.