மூன்றாவது கம்பி

புதுவயல் ரைஸ்மில் ஏலத்தில்
பழைய இரும்பு விலைக்கு எடுத்த லேத்து.
ஆறடிப் படுக்கை, மூன்று குதிரை மோட்டார்.
பள்ளத்தூருக்கு டிராக்டரில் வந்தது.
நாலு பேர் உருளைக்கட்டை போட்டுத் தள்ளி
இரண்டாங்கட்டில் இறக்கினார்கள்.
"இதை எதுலக்கா ஓட்டுவீக?" என்றான் ஒருவன்.
பதிலுக்கு நிற்கவில்லை, டீ குடிக்கப் போய்விட்டான்.

வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ்.
ஒரு கம்பி, ஒரு நியூட்ரல்,
இரண்டின் மேலும் ஒரே காக்கை.
மூன்று ஃபேஸ் கேட்டு மின்வாரிய ஆபீசில்
மனு கொடுத்தேன்.
"வாடகைக்கு இருக்கீகளா? வீட்டுக்காரர் கையெழுத்து?"
வீட்டுக்காரர் பதினேழு பேர் என்றேன்.
அவர் பேனாவை மூடினார்.

பதினாறு வாங்கிவிட்டேன்.
பினாங்கிலிருந்து ஒன்று வாட்சப்பில்,
கோயமுத்தூரிலிருந்து இரண்டு கூரியரில்,
தேனப்பனுடையது கல்யாண மண்டபத்தில்
பந்திக்குக் காத்திருந்தபோது, இலை ஓரத்தில் வைத்து.
அடைக்கப்பன் மட்டும் மாட்டேன் என்றார்.
போட்டால் தன் பங்கு போய்விடுமாம்.
எது உங்கள் பங்கு என்று கேட்டேன்.
பத்திரத்தில் இருக்கிறது என்றார்.

பதினேழாவது கையெழுத்தை உண்டாக்க முடியாது.
மூன்றாவது ஃபேஸை உண்டாக்கலாம்.

காரைக்குடிப் பழைய சாமான் கடையில்
ஐந்து குதிரை மோட்டார் ஒன்று,
விசிறி மூடி இல்லாமல், மழையில் நனைந்து.
அதற்கு ஒரு வேலையும் கிடையாது,
சும்மா சுற்ற வேண்டும்.
சும்மா சுற்றுவதற்கு இரண்டு கம்பி போதும்,
சுற்றச் சுற்ற மூன்றாவதில்
கரண்டு ஊறும், மணற்கேணி மாதிரி.

ஆனால் நானூற்றுப் பதினைந்து தின்று வளர்ந்த சுற்று
இருநூற்று முப்பதுக்கு முனகும், நகராது.
வார்னிஷைச் சுரண்டி, நூல்கட்டை அறுத்து
மூன்று முனையும் கூடும் முடிச்சைத் தேடினேன்.
ஸ்டாரை அவிழ்த்து டெல்டாவாகக் கட்ட வேண்டும்,
நட்சத்திரத்தைப் பிரித்து முக்கோணம்.
அதுவும் இரண்டு மோட்டாருக்கும்.
நான்கு நாள். மூன்று பிளேடு.
ஒரே கெட்ட வார்த்தை, திரும்பத் திரும்ப.

பிறகு கயிறு.
கப்பியில் சுற்றி, பம்பரம் போல் இழுத்து,
வேகம் ஏறியதும் சுவிட்ச்.
முந்தினால் உறுமிக்கொண்டு நிற்கும்,
பிந்தினால் மறுபடி கயிறு.
முதல் நாள் ஃபியூஸ் போனது.
இரண்டாம் நாள் அடுத்த வீட்டு டிவி
சுருங்கி விரிந்தது.
சுவருக்கு அப்பாலிருந்து ராசாமணி கேட்டாள்:
"மரியபுஷ்பம், வீட்டுக்குள்ள ரயில் விடுறியா?"
மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டது.

லைன்மேன் கருமலையான் வந்தார்.
மீட்டரைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார்.
"இது ஏன் சும்மா ஓடுது?"
"மூணாவதுக்கு" என்றேன்.
டெஸ்ட் விளக்கை ஒவ்வொன்றாக வைத்தார்.
மூன்றிலும் எரிந்தது,
மூன்றாவதில் கொஞ்சம் சோகையாக.
"இன்னொரு கெபாசிட்டர் போடுங்க" என்றார்.
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு,
"நான் இங்க வரவும் இல்லை, சொல்லவும் இல்லை."

கெபாசிட்டர் போட்டேன்.
முதல் வேலை, கலவை மிஷினுக்குப் பித்தளை புஷ்.
டூல் தொட்டதும் சுருள் சுருளாய்
மஞ்சள் சீவல், சூடாக, என் மணிக்கட்டில்.
அரைநூல் கூட விலகவில்லை.
தெருவில் ஒருவரும் கை தட்டவில்லை.
நானே ஒரு ஃபிளாஸ்க் டீயைக் குடித்து முடித்தேன்.

லேத்தின் தலை சாத்தப்பன் பங்கில் நிற்கிறது,
வால் தேனப்பன் பங்கில்.
சும்மா சுற்றும் மோட்டாரை மட்டும்
பத்திர நகல் வாங்கி, டேப் பிடித்து அளந்து
வைத்தேன்,
அடைக்கப்பனின் நாலரை அடிக்குள்.
சுவிட்சை அணைத்த பிறகும்
கொஞ்ச நேரம் சுற்றுகிறது அங்கே.