நான் சாத்திய கதவு

ஏப்ரலில் போனால்தான் வீடுகள் கண்ணில் படும்.
மே பிறந்தால் லைலாக் மறைத்துக்கொள்ளும்,
ஜூனில் ஆளுயரக் களை,
அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும்.
லாத்வியாவின் கிழக்கோரம். ரேஸெக்னே தாண்டித்
தார் முடிந்து சரளை,
சரளை முடிந்து சேறு.
எட்டு வருஷமாக எனக்கு இதுதான் வேலை.
வேலை என்றால், யாரும் காசு தருவதில்லை,
பாழ் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்துவது.

கூட்டுப்பண்ணையின் மாட்டுக்கொட்டகை:
வெள்ளைச் செங்கல், பசுக்களை இழந்த இரும்பு வளையங்கள்,
கூரையை ஒரு வார்த்தை கேட்காமல்
நடுவில் வளர்ந்துவிட்ட பிர்ச் மரம்.
தண்ணீர்க் கோபுரத்தின் உச்சியில் நாரைக்கூடு.
சாலையோரம் பால்கேன் வைக்கிற மேடை.
அதில் வைப்பதற்கு அன்று
என் லென்ஸ் பைதான் இருந்தது.

அதற்கும் அப்பால் அந்த வீடு.
சுவர்த்தாள் மூன்று அடுக்காக உரிந்து,
அடியில் ஒட்டிய செய்தித்தாளில்
யாரோ பதக்கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.
அடுப்பு மட்டும் அசையாமல் நின்றது,
பின்னால் ஒரு குழந்தையின் கம்பளிப் பூட்ஸ்,
ஒற்றை.
எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
கொஞ்சம் இடப்பக்கம். இன்னும் கொஞ்சம்.
வாசல் வெளிச்சம் தரையில் வழிந்து கெடுத்தது;
கதவைச் சாத்தினேன்.
நாலு நொடி.

அந்தப் படம்தான் பேர் வாங்கியது.
ரீகாவில் சட்டம் போட்டு மாட்டினார்கள்.
திறப்பு விழாவில் ஒருவர் ஒயின் கோப்பையோடு
மௌனம் பேசுகிறது என்றார்.
தலையை ஆட்டிவைத்தேன்.

பிப்ரவரியில் அயர்லாந்திலிருந்து ஒரு கடிதம்.
வெனெராண்டா என்று கையெழுத்து.
காளான் பண்ணையில் மேற்பார்வையாம்.

“ஜன்னல் விளிம்பு ஜெரேனியம் தொட்டிக்கு.
அங்கே பூட்ஸை வைத்திருந்தால் எங்கள் அம்மா
துடைப்பத்தால் நாலு போட்டிருப்பாள்.
அது தம்பி டோனாட்ஸுடையது, அதன் இடம் அடுப்புக்குப் பின்னால்.
இன்னொன்று ஏரியில்.
பயப்படாதீர்கள், பூட்ஸ்தான் முழுகியது,
அவன் லாரி ஓட்டுகிறான், தலை வழுக்கை.

அப்புறம், படத்தில் கதவு சாத்தியிருக்கிறது.
நாங்கள் திறந்து வைத்துவிட்டுப் போனோம்.
புறப்பட்ட அன்று பூனை வரவில்லை.
கிடங்குப் பக்கம், தோட்டத்துப் பக்கம், கூப்பிட்டுக் கூப்பிட்டு
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
பதினேழு வருஷமாக அது திறந்தே இருப்பதாக நினைத்திருந்தேன்.”

பூனைகள் எத்தனை வருஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரியாமலா இருக்கும்?

மார்ச்சில் பனி இளகியதும் போனேன்.
கேமராவை எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுத ஆசைதான்,
எடுத்துக்கொண்டேன், வண்டியிலேயே கிடந்தது.
கதவு ஒரு வருஷ மழையைக் குடித்து ஊதி
நிலையோடு இறுகிக் கிடந்தது.
ஜன்னல் வழியாக ஏறும்போது
முழங்கால் இடித்துப் பூட்ஸ் உள்ளே விழுந்தது.
அதற்குள்ளிருந்து காய்ந்த புல், கம்பு உமி,
எலி குடும்பம் நடத்திக் காலி செய்த தடயம்.
தட்டாமல் அப்படியே அடுப்புக்குப் பின்னால் வைத்தேன்.

கதவைத் தோளால் இடித்தேன்.
மூன்றாவது இடியில் மேல்கீல் பிய்ந்து
வெளிப்பக்கமாகச் சாய்ந்து தொங்கியது.
இனி யார் வந்தாலும் சாத்த முடியாது.
வெளிச்சம் உள்ளே வந்து
படத்துக்கு ஆகாத இடங்களில் எல்லாம் விழுந்தது:
பதக்கக்காரரின் காது, ஒரு மூடி,
ஜன்னல் விளிம்பில் தொட்டி வைத்த
பழுப்பு வட்டம். அதை நான் பார்த்ததே இல்லை,
அதன்மேல்தான் பூட்ஸை வைத்திருந்தேன்.

அன்றிரவே பதில் எழுதினேன்.
பூட்ஸ் தன் இடத்தில் இருக்கிறது.
கதவு திறந்திருக்கிறது, கீல் உடைந்துவிட்டது, மன்னிக்கவும்.
டோனாட்ஸை விசாரித்ததாகச் சொல்லவும்.

கடிதத்தின் கடைசி வரியில், பின்குறிப்பாக,
படம் என்ன விலைக்குப் போனது என்று கேட்டிருந்தாள்.
அதை மட்டும்
கேட்காதது போல விட்டுவிட்டேன்.